மங்கல் வெளிச்சத்தில் கண் எப்படிப் பார்க்கிறது? நிலாவெளியில் இருந்து ஒரு கேள்வி

நிலாவெளிவானம் | வெள்ளி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலை நிலாவெளிக் கரையில் வந்து தங்குகிறவர்களுக்கு இரவில் வானம் காட்டுகிறேன். தொலைநோக்கி இருக்கிறது, ஆனாலும் முதலில் வெறுங்கண்ணால் பாருங்கள் என்றுதான் சொல்வேன். புரட்டாதியில் வானம் வெளித்திருக்கும் இரவுகளில் வடகிழக்கே அந்திரொமேடா என்ற விண்மீன் பேரடை ஏறி வரும். 25 லட்சம் ஒளியாண்டு தூரம். நம் கண்ணுக்கு அது ஒரு சின்னப் புகைக்கீற்று. நேரே பார்த்தால் மறைந்துவிடும். பக்கத்தில் உள்ள நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஓரக்கண்ணில் வந்து நிற்கும். சித்திரை, வைகாசியில் தெற்கே தெரியும் ஒமேகா சென்ரோரி என்ற நட்சத்திரக் கொத்தும் அப்படித்தான்.

எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுக்கிறேன். ஏன் அப்படி என்று கேட்டால் பாதிதான் சொல்ல முடிகிறது. பௌதிகம், உயிரியல் படித்தவர்கள் விளக்கமாக எழுதுங்கள்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. கரையோரம் எங்கும் வெள்ளை எல்ஈடி ஃப்ளட் லைட் பூட்டுகிறார்கள். அதற்கு அடியில் நின்றுவிட்டு மணலுக்கு வருகிறவர்கள் "ஒன்றுமே இல்லையே" என்று திரும்பிப் போகிறார்கள். அவர்களை எவ்வளவு நேரம் இருட்டில் இருத்தி வைக்க வேண்டும்? இடையில் ஒருவர் போனை எடுத்துப் பார்த்தால் எல்லாம் போய்விடுமா?

பௌதிகம்_உவர்மலை | வெள்ளி, இரவு 10.25

தம்பி, நல்ல கேள்வி. உயர்தரப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விழித்திரையில் ஒளியை வாங்கிப் படம் காட்டும் கலங்கள் இரண்டு வகை. கூம்புகள் ஏறக்குறைய 60 லட்சம். கோல்கள் 9 கோடிக்கு மேல், 12 கோடி என்றும் பாடப்புத்தகங்களில் இருக்கும். கூம்புகளுக்கு வெளிச்சம் வேண்டும். நிறமும் நுணுக்கமும் அவற்றின் வேலை. கோல்களுக்கு மிகச் சொற்ப ஒளி போதும், ஆனால் நிறம் தெரியாது. நீங்கள் ஒன்றை நேரே பார்க்கும்போது அதன் விம்பம் விழித்திரையின் நடுவில் உள்ள சின்னக் குழியில் விழுகிறது. அந்தக் குழியின் நடுவில் கோல் ஒன்றுகூட இல்லை, முழுக்கக் கூம்புகள். வானத்தில் அளந்தால் அந்த இடம் ஒன்றேகால் பாகை வரும், அதாவது முழு நிலாவின் அகலத்தில் இரண்டரை மடங்கு. இருட்டில் நம் பார்வையின் நட்டநடுவே ஓர் ஓட்டை இருக்கிறது. அந்திரொமேடாவின் நடுப்பகுதி அதற்குள் விழுந்துவிடுகிறது.

கோல்கள் ஆகவும் நெருக்கமாக இருப்பது நடுவில் இருந்து 15 முதல் 20 பாகை தள்ளி. கையை நீட்டிச் சாணை விரித்தால் ஏறக்குறைய 20 பாகை. ஆனால் அவ்வளவு தூரம் போனால் பார்வைக் கூர்மை குறைந்துவிடும், அதனால் அதில் பாதி தள்ளிப் பார்த்தால் போதும். தொலைநோக்கியில் ஒரு கண்ணால்தானே பார்க்கிறோம், அங்கே ஒரு கவனம் வேண்டும். நரம்பு வெளியேறும் குருட்டிடம், காதுப் பக்கப் பார்வையில் 15 பாகை அளவில் இருக்கிறது. மங்கல் பொருள் அதில் விழுந்தால் முழுவதும் போய்விடும். வலது கண்ணால் பார்க்கிறவர் பொருளுக்கு வலப்பக்கம் பார்க்க வேண்டும், அப்போது பொருள் மூக்குப் பக்கம் விழும். இடது கண்ணுக்கு இதன் மறுபக்கம்.

இனி நேரம். இருட்டுக்குள் வந்ததும் கண்மணி 2 மில்லிமீற்றரில் இருந்து 7, 8 மில்லிமீற்றர் வரை விரியும். அதனால் கிடைப்பது அதிகம் போனால் 16 மடங்கு ஒளி. பலர் இதோடு கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். உண்மையான வேலை விழித்திரைக்குள் நடக்கிறது. கோலில் ரொடொப்சின் என்ற நிறப்பொருள் இருக்கிறது. ஒளி பட்டதும் அது வெளிறி உடையும். 1876இல் பிரான்ஸ் போல் என்ற ஜேர்மானியர் தவளையின் விழித்திரை செந்நிறமாக இருந்து, வெளிச்சத்தில் கண் முன்னே வெளிறிப் போவதைக் கண்டார். உடைந்ததை மறுபடி சேர்க்க விற்றமின் ஏயில் இருந்து வரும் மூலக்கூறு, பின்னால் உள்ள நிறப்படலத்தில் தயாராகிக் கோலுக்கு வந்து சேர வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு நேரம். முதல் பத்து நிமிடத்தில் கூம்புகள் தங்களால் முடிந்த அளவுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு கோல்கள் முந்தும். முழுதாகத் தேற 30 முதல் 40 நிமிடம்.

அதனால் உங்கள் ஆட்களை அரை மணி நேரம் இருத்துங்கள். போன் திரையை முழு வெளிச்சத்தில் முகத்துக்கு நேரே பிடித்தால் சேர்த்ததில் பெரும் பங்கு போய்விடும். முழு நாற்பது நிமிடமும் மறுபடி தேவைப்படாது, ஆனால் பல நிமிடம் நட்டம்.

சல்லிக்கடல் | வெள்ளி, இரவு 11.05

சேர், வாசித்ததும் எங்கள் மூத்தவர்கள் ஞாபகம் வந்தது. சல்லிக் கரையில் இருந்து இரவில் வள்ளம் தள்ளினால் ரோர்ச் அடிக்க விடமாட்டார்கள். அணியத்தில் இருப்பவன் பீடி பற்றவைத்தாலே பேச்சு விழும், "கண்ணைக் கெடுக்காதே" என்று. வலை கிடக்கும் இடத்தையும், பக்கத்தில் வெளிச்சம் இல்லாமல் வரும் மற்ற வள்ளத்தையும் கண்டுபிடிக்க வேறு வழி கிடையாது.

அமாவாசையை ஒட்டிய இரவில் சில நாள் வலையை இழுக்கும்போது தண்ணீர் நீலமாக மினுங்கும். கயிறு, கண்ணி, மீன் எல்லாம் கோடு கோடாகத் தெரியும். ரோர்ச் அடித்தவனுக்கு அது தெரியாது, பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியும்.

என் கேள்வி இதுதான். தூரத்து வெள்ளை வெளிச்சம் ஓரக்கண்ணில் முதலில் படும், சரி. ஆனால் துறைமுக வாய்க்கு வரும்போது சிவப்புப் போயா (வழிகாட்டும் மிதவை) லைட்டை நேரே பார்த்தால்தான் பிடிக்க முடிகிறது. பக்கப் பார்வையில் அது வருவதே இல்லை. இது என் கண்ணில் கோளாறா?

பௌதிகம்_உவர்மலை | வெள்ளி, இரவு 11.40

கோளாறே இல்லை. நீங்கள் கண்டது நூற்றுக்கு நூறு சரி, பாடம் எடுக்கும்போது இதைச் சொல்லப் போகிறேன்.

கோலின் ரொடொப்சின் ஏறக்குறைய 500 நனோமீற்றர் அலைநீள ஒளியைத்தான் நன்றாக உறிஞ்சும், அது நீலப்பச்சை. 620, 650க்கு மேல் போனால், அதாவது நல்ல சிவப்பில், அநேகமாகக் குருடு. பகலில் கூம்புகளின் மொத்த உணர்திறன் உச்சம் 555இல், மஞ்சள்பச்சைப் பக்கம். ஆகவே சிவப்பு லைட்டைக் கண்டுபிடிப்பது எப்போதும் கூம்புதான். கூம்புகள் நெருங்கிக் கிடப்பது நடுக்குழியில். அதனால் மங்கல் வெள்ளைக்கு ஓரம், மங்கல் சிவப்புக்கு நேரே. கடலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள். நமது பக்கத்துப் போயா முறையில் துறைமுகத்துக்குள் வரும்போது சிவப்பு இடப்பக்கம், பச்சை வலப்பக்கம். பச்சை ஓரக்கண்ணில் பட்டு, சிவப்பு படாமல் போனால் வாய்க்காலின் நடு எங்கே என்று கண்ணே தவறாகச் சொல்லும்.

தண்ணீரில் மினுங்குவது நுண்ணுயிர்களின் ஒளி, 475 நனோமீற்றர் அளவில் நீலம். கோலுக்கு அது மிகவும் தோதான ஒளி.

மெக்கெய்சர்_ஓப்பனர் | சனி, காலை 7.15

இதே விசயம்தான் எங்களுக்கு மைதானத்தில் நடக்கிறது என்று நினைக்கிறேன். மெக்கெய்சரில் பின்னேரம் ஆறு மணி தாண்டினால் சிவப்புப் பந்து கறுப்பாகிவிடும். புல் இன்னும் வெளிச்சமாகத் தெரியும். பந்து வேகமாக வருவதுபோலவும் இருக்கிறது, போடுகிறவன் அதே ஆள்தான். கட்டாயம் கண் சம்பந்தமா, இல்லை பயமா?

பௌதிகம்_உவர்மலை | சனி, காலை 8.50

கண் சம்பந்தம்தான். வீட்டு வேலியில் செவ்வரத்தை இருந்தால் இன்றைக்குப் பின்னேரம் அதன் முன்னால் நின்று பாருங்கள். நாலு மணிக்கு இலையைவிடப் பூ பளிச்சென்று இருக்கும். ஆறரைக்குப் பூ இருண்டு கறுப்புக் குழிபோல் நிற்கும், இலை மட்டும் சாம்பலாக வெளித்திருக்கும். பூ மாறவில்லை, வேலை கூம்பில் இருந்து கோலுக்குக் கைமாறுகிறது. செக் நாட்டு உடலியலாளர் யான் பர்கின்ஜே இதைத்தான் கவனித்து 1825இல் எழுதினார், இன்றும் அவர் பெயரால்தான் சொல்கிறோம்.

வேகம் பற்றி: ஒளி குறையக் குறைய விழித்திரையின் சைகை பிந்தும். மிகச் சில போட்டன்களை, அதாவது ஒளித்துகள்களை வைத்து முடிவு எடுக்க வேண்டும் என்பதால் கோல்கள் செக்கனில் பத்தில் ஒரு பங்கு நேரம் வரை சேர்த்துப் பார்க்கின்றன. பல கோல்கள் ஒரே நரம்புக்குத் தங்கள் சைகையைக் கொட்டுகின்றன, தூறலுக்கு வாய் அகன்ற தாச்சியை வைப்பதுபோல. அதனால் சொற்ப ஒளியும் பிடிபடுகிறது, ஆனால் எங்கே, எப்போது என்ற துல்லியம் போகிறது. பந்து உங்களுக்குத் தெரியும்போது அது ஏற்கனவே கொஞ்சம் முன்னால் வந்துவிட்டது. மங்கலில் லெதர் பந்து விளையாடாதீர்கள் தம்பி, மற்றப்படி எது வேண்டுமானாலும் விளையாடுங்கள்.

இந்தச் சேர்த்துப் பார்க்கும் திறமை எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனை. 1942இல் ஹெக்ட், ஷ்லேர், பிரென் மூவரும் இருட்டில் பழகிய கண்ணுக்கு மிகச் சிறிய ஒளித்துடிப்புகளைக் காட்டினார்கள். கண்ணின் மேற்பரப்புக்கு 54 முதல் 148 வரை போட்டன்கள் வந்தால் மனிதன் "கண்டேன்" என்கிறான். அதில் கோல்கள் உறிஞ்சியது 5 முதல் 14 வரை மட்டும். அந்தச் சில போட்டன்களும் நூற்றுக்கணக்கான கோல்கள் மேல் சிதறி விழுகின்றன, ஆகவே ஒரு கோலுக்கு ஒரு போட்டன் போதும் என்று கணித்தார்கள். 1979இல் தேரையின் தனிக் கோல் ஒன்றிலேயே ஒற்றைப் போட்டனின் சைகையை அளந்து காட்டினார்கள். நம் முகத்தில் இப்படி ஒரு கருவி இருப்பதை நினைத்தால் இன்றும் வியப்புத்தான்.

கந்தளாய்_ரோட் | சனி, மதியம் 1.30

வேன் ஓடுகிறேன், இரவில் திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு ஆட்களை ஏற்றிப் போகிறவன். கந்தளாய் தாண்டி ஹபரணை வரை ரோட்டில் யானை நிற்கும். சாம்பல் உடம்பு, கறுத்த ரோட், பின்னால் காடு. எதிரில் ஒருவன் ஃபுல் லைட்டில் வந்து கடந்து போனதும் சில செக்கன் எனக்கு ஒன்றும் தெரியாது. கிண்ணியாப் பக்கம் எருமையும் அப்படித்தான், கண் மினுங்கினால் தப்பினோம், அது மற்றப் பக்கம் பார்த்து நின்றால் தெரியாது.

பகலில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வயது 50 தாண்டிவிட்டது. மஞ்சள் கண்ணாடி போட்டால் இரவில் நல்லது என்று கடையில் சொன்னார்கள். வாங்கலாமா?

கண்கிளினிக்_அக்கா | சனி, மாலை 4.10

அண்ணா, மஞ்சள் கண்ணாடி வாங்காதீர்கள். கண் கூசுவது குறைந்ததுபோல் இருக்கும், ஆனால் வருகிற கொஞ்ச வெளிச்சத்திலும் ஒரு பங்கைத் தடுக்கிறது. இரவில் உங்களுக்கு ஒளி குறையக் கூடாது.

கண் சிகிச்சைப் பிரிவில் தாதியாக வேலை செய்கிறேன், தினமும் கேட்கும் முறைப்பாடு இது. வயது போகப் போகக் கண்மணி முந்தி மாதிரி விரியாது. கண் வில்லையும் மஞ்சளாகும். இரண்டும் சேர்ந்து அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு இருபது வயதுக்காரருக்குப் போகும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் போகும் என்று கணக்கிடுகிறார்கள். இருட்டுக்குப் பழகும் நேரமும் கூடும். வில்லையில் வெண்படலம் ஆரம்பித்திருந்தால் எதிர்வரும் லைட் கண்ணுக்குள் சிதறிப் பனிமூட்டம் மாதிரி எல்லாவற்றையும் மூடும். பகலில் எழுத்து வாசிக்க முடிகிறதே என்று இருந்துவிடாதீர்கள். வெண்படலத்தை முதலில் காட்டிக்கொடுப்பது பலருக்கு இரவு ஓட்டம்தான். சிலருக்கு மங்கலில் மட்டும் கொஞ்சம் கிட்டப்பார்வை வரும், அதற்குக் கண்ணாடி இலக்கம் பார்க்கலாம்.

ஃபுல் லைட் வரும்போது அதைப் பார்க்காமல் இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். முன் கண்ணாடியை உள்பக்கமும் துடையுங்கள். அந்தப் படிந்த எண்ணெய்ப்பசை ஒவ்வொரு ஹெட்லைட்டையும் பெரிதாக்கும். 60 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு செக்கனுக்குப் பதினாறு, பதினேழு மீற்றர் போகிறீர்கள். மூன்று செக்கன் தெரியாவிட்டால் ஐம்பது மீற்றர் பார்க்காமல் ஓடியதாகக் கணக்கு. யானை நிற்கும் துண்டில் வேகத்தைக் குறைப்பதற்கு மாற்று வேறெதுவும் இல்லை.

எருமைக்கு விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது, திருகோணமலைக் கோட்டைக்குள் திரியும் மான்களுக்கும் பூனைக்கும் இருக்கிறது. நமக்கு இல்லை.

மூதூர்_உம்மா | சனி, இரவு 8.20

இதைக் கேட்க இதுதானா இடம் என்று தெரியவில்லை. மகனுக்கு ஏழு வயது. பகலில் பந்தடிப்பான், பாடசாலையில் கரும்பலகை வாசிப்பான். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பிறகு முற்றத்தில் வாளி, கதிரை எல்லாவற்றிலும் இடிபடுகிறான். செருப்பைக் கையால் தடவித்தான் தேடுவான். கரண்ட் போனால் இருந்த இடத்திலேயே இருப்பான், எழும்பமாட்டான். பயந்தவன் என்று வீட்டில் சொல்கிறார்கள். மாமி மகனைத்தான் நான் கலியாணம் முடித்தேன். கரட் கொடு, பொன்னாங்காணி கொடு, சரியாகும் என்கிறார்கள். கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

கண்கிளினிக்_அக்கா | சனி, இரவு 8.45

தங்கச்சி, சரியான இடத்தில்தான் கேட்டிருக்கிறீர்கள். பிள்ளை பயந்தவன் இல்லை. செருப்பைத் தடவித் தேடுகிறான் என்று எழுதினீர்களே, அது எனக்குப் போதும். இந்த வாரமே அரச வைத்தியசாலைக் கண் கிளினிக்குக் கூட்டிப் போங்கள்.

இரவில் தெரியாமல் போவதற்குப் பல காரணம் உண்டு, இரண்டைச் சொல்கிறேன். ஒன்று விற்றமின் ஏ குறைவு. மேலே சேர் எழுதிய ரொடொப்சினைச் செய்ய அந்த விற்றமின் வேண்டும். அது குறைந்தால் கோல்தான் முதலில் தடுமாறும். இதுவாக இருந்தால் வைத்தியர் தரும் மருந்தில் சில நாட்களிலேயே இரவுப் பார்வை திரும்பும். கீரை, பப்பாசி, முட்டை, ஈரல் எல்லாம் நல்லதுதான், தொடருங்கள். ஆனால் குறைவு இல்லாத பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுப்பதால் பார்வை கூடப் போவதில்லை. விற்றமின் ஏ மாத்திரையைக் கடையில் வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம், மிஞ்சினால் ஈரலைப் பாதிக்கும்.

மற்றது பரம்பரையாக வரும் விழித்திரை நோய். கோல்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழக்கும். முதலில் இரவுப் பார்வை, பிறகு பக்கப் பார்வை குறையும். உலக அளவில் ஏறக்குறைய 4000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, சொந்தத்துக்குள் முடித்த குடும்பங்களில் கூடுதல். இது உங்கள் குற்றம் இல்லை, யாருடைய குற்றமும் இல்லை. இதில் பகல் பார்வை பல வருடம் நன்றாக இருக்கும், அதனால்தான் கரும்பலகை வாசிக்கிறானே என்று எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். பிறப்பில் இருந்து வந்து கூடாமல் அப்படியே நிற்கும் இரவுக் குருடும் ஒன்று உண்டு. எது என்பதை இங்கிருந்து யாரும் சொல்ல முடியாது. கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்த்தால் வைத்தியருக்கு வழி தெரியும்.

அதுவரை அவன் நடக்கும் வழியில் வாளி, கதிரை வைக்காதீர்கள், படுக்கைப் பக்கத்தில் ஒரு சின்ன ரோர்ச் கொடுங்கள். பயந்தவன் என்று இனி ஒருவரும் சொல்லக் கூடாது.

உப்புவெளி_தங்கை | ஞாயிறு, காலை 10.00

நிலாவெளிவானம் அண்ணா கரை விளக்குகளைப் பற்றி எழுதியதற்கு என் பதில். வேலை முடிந்து இரவு ஒன்பது மணிக்குக் கரையோர ஒழுங்கையால் நடந்து வருகிறவள் நான். நட்சத்திரம் தெரிய வேண்டும் என்பதற்காக விளக்கை அணைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நிலாவெளிவானம் | ஞாயிறு, காலை 10.35

அணைக்கச் சொல்லவில்லை தங்கச்சி. கடலைப் பார்த்துச் சரித்துப் பூட்டிய விளக்கு பாதைக்கு என்ன செய்கிறது? உங்கள் ஒழுங்கை முனையில் அப்படி ஒன்று இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். விளக்கு கண்ணுக்குத் தெரியாதபடி உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு அதற்குக் கீழே, பின்னால் இருக்கும் இருட்டைப் பாருங்கள். பிறகு கையை எடுங்கள். வித்தியாசத்தை வந்து எழுதுங்கள்.

மணலில் பொரித்து வரும் ஆமைக்குஞ்சுகளுக்கும் அந்த விளக்குப் பொல்லாதது. கடலை விட்டு ரோட்டுப் பக்கம் ஊர்ந்து போகும்.

உப்புவெளி_தங்கை | ஞாயிறு, இரவு 9.50

செய்து பார்த்தேன். கையால் மறைத்தபோது மதில், மதிலோரம் நின்ற சைக்கிள், அதற்குப் பின்னால் படுத்திருந்த நாய் எல்லாம் தெரிந்தது. கையை எடுத்ததும் மதிலின் அடி முழுக்கக் கறுப்பு. அங்கே ஓர் ஆள் நின்றாலும் எனக்குத் தெரியாது, அவருக்கு நான் தெளிவாகத் தெரிவேன். இத்தனை நாள் அந்த விளக்கை நம்பித்தான் நடந்தேன்.

விளக்கு வேண்டும் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் மேலே மூடி வைத்து நிலத்தைப் பார்த்த விளக்கு, ஒன்று பெரிதாக இல்லாமல் சின்னதாகப் பல, வெள்ளைக்குப் பதில் மஞ்சள். இப்படிக் கேட்டால் நானும் கையெழுத்து வைப்பேன்.

பௌதிகம்_உவர்மலை | ஞாயிறு, இரவு 10.20

கடிதம் எழுதினால் நானும் ஒரு பக்கம் எழுதித் தருகிறேன், அளவுகளோடு. நிலாவெளித் தம்பி, உங்கள் ரோர்ச்சுக்குச் சிவப்பு செலோஃபேன் சுற்றுவீர்கள் என்று நினைக்கிறேன். சிவப்பு என்றாலும் வெளிச்சம் கூடினால் பயன் இல்லை, ஒரு தாளின் எழுத்து மட்டுமட்டாக வாசிக்கும் அளவு போதும்.

மூதூர்_உம்மா | திங்கள், மதியம் 12.15

மிஸ், புதன்கிழமைக்கு நம்பர் எடுத்துவிட்டேன். இவரும் லீவு போட்டு வருகிறார். என்ன கொண்டுபோக வேண்டும்?

கண்கிளினிக்_அக்கா | திங்கள், மதியம் 12.40

சுகாதாரப் பதிவேட்டுக் கொப்பியும், முன்பு ஏதாவது மருந்து எடுத்திருந்தால் அந்தத் துண்டுகளும். கண்மணி விரிய மருந்து விடுவார்கள், கொஞ்சம் எரியும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சில மணி நேரம், சில மருந்துக்கு அடுத்த நாள் வரைகூட, கிட்ட உள்ளது மங்கலாகவும் வெயில் கூச்சமாகவும் இருக்கும், ஒரு தொப்பி கொண்டுபோங்கள். இரண்டு பேர் குடும்பத்திலும் இரவில் தடுமாறும் ஆட்கள் யாரும் இருக்கிறார்களா என்று இன்றைக்கே கேட்டு வையுங்கள், வைத்தியர் கட்டாயம் கேட்பார். சின்னவர்கள் வேறு யாரும் வீட்டில் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள் தங்கச்சி, ஒரே நாளில் பார்த்துவிடலாம்.